கமர்கட்டு கரையும்வரை

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது படித்துவிட்டு அவரிடம் சொல்வார்கள். அவர் உடனே என்னைக் கூப்பிட்டு, இரண்டாவது பத்தியில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது என்று ஆரம்பிப்பார். அந்த விவரத்தோடு நான் கேட்காத இன்னும் நாலு விவரங்களும் வந்து சேரும். எனவே அக்கா என்றே சொல்கிறேன். எங்கள் குழுவில் எல்லாரும், அவரைவிட வயதில் மூத்தவர்களும்கூட, அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வழி கேட்பவர்களுக்கு வழி சொல்கிறவர்கள் நிறைய உண்டு. அக்கா கேட்காதவர்களுக்கும் சொல்வார். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் யாராவது நின்று அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தால் போதும், அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். "எங்க போகணும்?" என்று கேட்டு, நடைமேடை எண்ணைச் சொல்லி, அதோடு விடாமல் படிக்கட்டு வரை கூடவே போய், எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் வாசல் பக்கம் வரும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். இதற்குள் அக்கா ஏற வேண்டிய வண்டி போயிருக்கும். நான் அவரை முதல்முறை சந்திக்கவிருந்த அன்றும் அப்படித்தான் தாமதமாக வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பாவம், செங்கல்பட்டு வண்டின்னு நெனச்சு பீச் வண்டில உக்காந்திருந்தாங்க" என்றார், எனக்கும் அவர்களைத் தெரியும் என்பதுபோல.

இன்னொரு நாள் ஜி.எஸ்.டி. சாலையில் ஷேர் ஆட்டோவில் குரோம்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தோம். எதிரில் இருந்த அம்மா போனில் கணவரைத் திட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் மிக்சி நின்றுவிட்டதாம், தேங்காய் பாதியில் கிடக்கிறதாம். அக்கா என் தோள் மேலாகக் குனிந்தார்.

"மிக்சியத் திருப்பிப் போடச் சொல்லுங்க. அடியில ஒரு செவப்பு பட்டன் இருக்கும். அமுக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா ஒரு கணம் முறைத்துவிட்டு, அதையே போனில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போனுக்குள்ளிருந்து மிக்சி ஓடும் சத்தம் ஆட்டோ முழுக்கக் கேட்டது.

ஓட்டுநர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். "யக்கா, என் வண்டிலயும் ஒரு சத்தம் வந்துகினே கீது. அத்த இன்னான்னு பாரேன்."

கிண்டல்தான். அக்காவுக்கு அது தெரியவில்லை. குரோம்பேட்டை வரும்வரை கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தோம். அது செய்யும் வேலையும் எளிமையானதுதான். அடையாற்றுப் பாலத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி, தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையோரச் சந்துகளில் சில வீடுகளில் இருக்கும் பெட்டிகள் அதை வாங்கி விளக்காகக் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் சாமான்களைத் தூக்கிவைக்கலாம். சிவப்பு என்றால் ஆட்கள் மாடிக்குப் போக வேண்டும்.

அக்காதான் இதைத் தொடங்கியவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பீர்க்கன்கரணையில் அவர் இருந்த குடியிருப்பின் சங்க அறையில் கூடுவோம். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். அதை யாரும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. எல்லார் கண்ணும் மடிக்கணினியில் இருக்கும்.

வேலையில் நான் மென்பொருள்களைச் சோதிப்பவள். எதையும் வரிசை போட்டுத்தான் யோசிப்பேன். மளிகைப் பட்டியலைக்கூடக் கடை அலமாரிகள் இருக்கும் வரிசையில்தான் எழுதுவேன். அதனால் குழுவில் சேர்ந்ததும் முதல் வேலையாக 'பயன்படுத்தும் முறை' என்ற பக்கத்தைத் திறந்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

1. பெட்டியைப் பிரிக்கவும்.
2. அக்காவுக்கு போன் செய்யவும்.

கீழே அவர் எண்.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "ஏன், சரியாத்தானே இருக்கு?" என்றார்.

அவர் வரையில் சரிதான். யார் எப்போது கேட்டாலும் பதில் வந்துவிடும். பெரும்பாலும் குரல்பதிவாக வரும். பின்னால் குக்கர் விசில் அடிக்கும். சில சமயம் வாயில் பற்பசை நுரையோடு பேசுவார். கேட்டது ஒன்று என்றால், அதற்குப் பதில், அடுத்து வரப்போகும் சந்தேகத்துக்குப் பதில், வராமலே போகக்கூடிய சந்தேகத்துக்கும் பதில் என்று போகும். குழுவில் ஒரு கேள்வி விழுந்த அடுத்த நொடி, அவர் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்துவிடும். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். இனி யோசிக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி.

இதில் அதிகம் பழகிப்போனவர், அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அண்ணன். கீழே கடை, பின்னறையில் அம்மா. முன்பு ஒரு வெள்ளத்தில் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கித்தான் மாடிக்குக் கொண்டுபோனார்களாம். அதற்குள் தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுவிட்டது. அதனால் எங்கள் பெட்டியை வாங்கிக்கொண்ட முதல் வீடு அவருடையது. பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். விளக்கு பச்சையாக இருக்கும் நாளிலும் அக்காவைக் கூப்பிட்டு, "யக்கா, பச்சையா கீது, கரீட்டுதானே?" என்று கேட்பார். அக்காவும், "கரெக்ட் அண்ணா, ஆனா ஒண்ணு..." என்று கால் மணி நேரம் பேசுவார்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா இனிப்போடு வந்தார். டாக்டர் பிரசவத்துக்கு ஐப்பசி நடுவில் தேதி கொடுத்திருக்கிறார் என்றார். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு அண்ணனும் வந்திருந்தார். கையில் லட்டோடு அவர்தான் முதலில் கேட்டார்.

"ரொம்ப சந்தோசம் யக்கா. ஆனா ஐப்பசின்னா மழையாச்சே. பொட்டி மக்கர் பண்ணா யாருக்கு போன் போட்றது?"

"எனக்குத்தான்."

"ஆஸ்பத்திரில இருந்துகினா?"

"ஆஸ்பத்திரில போன் எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

கேலியாகச் சொல்லவில்லை. பிரசவ வார்டில் சிக்னல் எப்படி இருக்கும் என்று அப்போதே விசாரித்து வைத்திருந்தார். அவர் கணவர், அதிகம் பேசாத மனிதர், ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் ஏரியைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று மாலையே நான் வேலையைத் தொடங்கினேன். அக்காவின் பழைய குரல்பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, கேள்வி ஒரு பக்கம் பதில் ஒரு பக்கம் என்று எழுதி, ஒரே விஷயத்தைப் பற்றியவற்றைச் சேர்த்து, எது முதலில் எது பின்னால் என்று அடுக்கினேன். நிறுவுவது எப்படி, சிம் போடுவது எப்படி, விளக்குகளுக்கு என்ன அர்த்தம், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது. நன்றாகத்தான் வந்தது. அக்காவிடம் காட்டினேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு, "சூப்பர்டி, எல்லாம் இருக்கு" என்றார்.

எல்லாம் இருக்கவில்லை. தெரிந்தவர் படித்தால், எழுதாமல் விட்டதையும் தாமாகவே நிரப்பிக்கொள்வார். தெரியாதவர் யாராவது படித்து, படித்ததை மட்டும் வைத்துச் செய்துபார்க்க வேண்டும். அண்ணன் கடைக்குப் போனோம்.

முதல் முயற்சி முதல் வரியைத் தாண்டவில்லை. அண்ணன் காகிதத்தைக் கையில் எடுத்து மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் அக்கா, "அந்த வயர் இல்லண்ணா, கறுப்பு" என்றார்.

"அக்கா, நீங்க பேசக் கூடாது."

"பேசலையே."

"கறுப்பு வயர்னு சொன்னீங்க."

"அது பேச்சா? தகவல்."

அண்ணன் காகிதத்தை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டார். "பாத்தியாம்மா? அக்கா கீறாங்கோ. அப்பறம் இன்னாத்துக்கு இந்தப் பேப்பரு, பேஜாரு?"

அடுத்த வாரமும் போனோம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் அக்கா எதிரிலிருந்த பெட்டிக்கடைக்குப் போனார். அந்த மாதங்களில் அவருக்கு எந்நேரமும் எதையாவது மெல்ல வேண்டும். கடையில் இருந்தது கமர்கட்டு. தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டி, கல்லாக இறுகிய பழைய சரக்கு. இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று.

கடைக்குள் போனதும் அண்ணன் காகிதத்தைப் பிரித்து வழக்கம்போலத் திரும்பினார். "யக்கா, இதுல இன்னா போட்டுகீது?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. "ம்ம்" என்றுதான் வந்தது. அண்ணன் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தார். எங்கள் வழிகாட்டியின் முதல் உண்மையான சோதனை அப்படித் தற்செயலாகத் தொடங்கியது.

மூன்றாம் படியில், 'பெட்டியை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடவும்' என்று எழுதியிருந்தேன். அந்தப் பெட்டியில் சுவிட்சே கிடையாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். அண்ணன் பெட்டியைத் திருப்பினார், கவிழ்த்தார், குலுக்கினார். சாமி படத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தார். கடைசியில் போய் கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். விளக்கு, மின்விசிறி, ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் நின்றன. ஆதார் நகல் எடுக்க வந்து காத்திருந்தவர், "இன்னா நைனா, என் கார்டு உள்ளாற மாட்டிகிச்சா?" என்றார்.

அக்கா இரண்டு கைகளையும் ஆட்டி, பிளக்கைப் பிடுங்குவதுபோல் நடித்துக் காட்டினார். "கையாலயும் சொல்லக் கூடாது" என்றேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். நெற்றியில் வேர்த்திருந்தது.

பிறகு வந்ததுதான் பெரியது. மின்சாரம் வந்ததும் பெட்டி சிக்னலைத் தேடியது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அண்ணன் காகிதத்தில் விரலை ஓட்டினார். 'சிவப்பு எரிந்தால் ஆட்கள் மாடிக்குப் போக வேண்டும்.' வெளியே ஆவணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருந்தாலும் எழுதியிருக்கிறதே. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யம்மா, எய்ந்துரு. தண்ணி வர்தாம்."

பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. அந்த அம்மா உண்மையிலேயே எழ ஆரம்பித்துவிட்டார். "எங்கடா வர்து, ரெண்டு நாளா கொயாய்ல தண்ணி வர்ல" என்று முனகுவது கேட்டது.

அக்கா கமர்கட்டைக் கடித்து உடைத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அது சிமிட்டுது அண்ணா! சிமிட்டினா தண்ணி இல்ல, சிக்னல் இல்ல! நின்னு எரிஞ்சாத்தான் தண்ணி!"

அண்ணன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். "இதுல அப்டி இல்லியேக்கா."

இல்லைதான். குரல்பதிவு எதிலும் இல்லை. சிமிட்டும் விளக்கைப் பற்றி யாரும் எழுத்தில் கேட்டதே இல்லை. போனில் கேட்டிருப்பார்கள், அக்கா போனிலேயே சொல்லியிருப்பார்.

"இது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

"யாருக்குக்கா?" என்றேன்.

"என்னைக் கேட்டவங்களுக்கு."

வெயில் நாளில் ஒரு அம்மா வீணாக எழுந்து உட்கார்ந்தால் நஷ்டமில்லை. மழை நாளில் பெட்டிக்குச் சிக்னல் போய், அது சிமிட்டிக்கொண்டே இருந்தால்? அக்காவின் போன் அணைந்திருந்தால்? ஆறு எங்கே இருக்கிறது என்று பெட்டிக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அது எங்கள் குழுவின் வழக்கம் ஆனது. ஒரு பக்கத்தை எழுதியவர், அதை வேறொருவர் செய்துபார்க்கும்போது வாயில் கமர்கட்டோடு பக்கத்தில் உட்கார வேண்டும். கடிக்கக் கூடாது. கரையும்வரை பேச்சும் கிடையாது, சைகையும் கிடையாது. சங்க அறையில் இதற்கென்றே ஒரு கண்ணாடி ஜாடி வந்தது. சர்க்கரை வியாதி உள்ள ஒரு சாருக்கு மட்டும் கொட்டைப்பாக்கு. படிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தை நான் குறித்துக்கொள்வேன். தடுமாறுகிறவரைக் குறை சொல்லக் கூடாது, வாக்கியத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். சில வாரங்களில் வழிகாட்டி வேறு ஆளாகிவிட்டது. 'சரிசெய்யவும்', 'உறுதிசெய்யவும்' போன்ற வார்த்தைகள் கழன்றுபோய், 'பிளக்கைப் பிடுங்கவும்', 'சிம்மை எடுத்துத் துணியால் துடைக்கவும்' என்று வந்தன. விளக்குகளுக்குத் தனிப் பக்கம் போட்டோம். அதில் முதல் வரி: 'சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் பெட்டிக்கு ஆறு தெரியவில்லை என்று அர்த்தம். பெட்டிக்காகக் காத்திருக்காமல் முதலில் பாலத்துச் சுவரில் அடித்திருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளைப் போய்ப் பார்க்கவும்.'

அண்ணன் அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்து, லேமினேஷன் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். "மழைல நனஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. என் சர்வீஸு" என்றார். 'அக்காவுக்கு போன் செய்யவும்' என்ற வரியை வழிகாட்டியிலிருந்து நான் எடுத்தேன். எடுக்கும்போது அக்கா பக்கத்தில்தான் இருந்தார். கன்னத்தில் கமர்கட்டு இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதை அனகாபுத்தூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "எல்லாத்தையும் எழுதிட்டா அப்புறம் என்னை யாருடி கூப்பிடுவா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். திருமணத்துக்கு முன் ஒரு அழைப்பு மையத்தில் வேலை பார்த்தாராம். ஒவ்வொரு அழைப்பையும் சீக்கிரம் முடிக்க வேண்டும். இவர் முடிக்க மாட்டார். நெட் கட்டாகிவிட்டது என்று கூப்பிட்டவரின் மகளுக்கு எந்தக் கல்லூரி நல்லது என்பதுவரை போவார். பேசியவர்கள் எல்லாருக்கும் திருப்தி, நிறுவனத்துக்கு மட்டும் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அந்த வேலை போனது வருத்தமில்ல. மறுநாள் போனே அடிக்கல பாரு, அதான்" என்றார்.

என் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஜன்னல் பக்கம் காற்று வருகிறது, மாறி உட்காருங்கள் என்றேன்.

புரட்டாசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பிரம்மபுத்திராக் கரையில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து யாரோ ஒருவர். எங்கள் மென்பொருளை எடுத்து, நாங்கள் ஆங்கிலத்திலும் போட்டுவைத்திருந்த வழிகாட்டியைப் படித்து, தன் ஊரிலேயே கிடைத்த பொருள்களில் பெட்டி செய்திருக்கிறார். கடிதம் மிகச் சுருக்கம்: நிறுவிவிட்டேன், வேலை செய்கிறது, நன்றி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் ஓடினேன். அவர் அந்தக் கடிதத்தை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம்கூட வரலையாமா அவருக்கு?"

"அதாங்க்கா வெற்றி."

"சிம் எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்னு எல்லாருக்குமே வருமே."

"எழுதியிருக்கோமே."

"படம் போட்டதுதான் தப்பாப்போச்சு" என்றார். அன்று முழுக்க முகம் சரியாக இல்லை. சாயங்காலம் அவரே அந்த மனிதருக்கு எழுதி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். 'வேண்டாம், எல்லாம் தெளிவாக இருக்கிறது' என்று பதில் வந்தது. இன்னும் மோசமாகிவிட்டது.

ஐப்பசி மழை அந்த வருடம் நின்று பெய்தது. அக்காவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் கணவர் தகவல் அனுப்பியிருந்தார். மறுநாள் காலை குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். நான் காப்பியோடு போனை எடுத்தபோது குழுவில் அண்ணனின் குரல்பதிவு இருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசியிருந்தார்.

"யக்கா, செவப்பு சிமிட்டிகினே கீது. இன்னா பண்றது? சீக்ரம் சொல்லுக்கா."

உடனே அவரைக் கூப்பிட்டேன். போகவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பக்கம் செல்போன் கோபுரமே தடுமாறிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பெட்டி சிமிட்டியதும் அதனால்தான். 'சுவரில் மாட்டியதைப் பாருங்க அண்ணா' என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

அப்போது அக்கா பெயருக்குக் கீழே அது வந்தது. 'டைப் செய்கிறார்.'

எனக்கு முதலில் நிம்மதி. அடுத்த கணம் அது போய்விட்டது. அண்ணனுக்கு நடுநடுவே சிக்னல் வந்தால், இதுதான் அவர் கண்ணில் படும். இதைப் பார்த்தால் அவர் ஆணியில் மாட்டியதைப் படிக்க மாட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு பதில் வரும்வரை நிற்பார். பழக்கம் அப்படி. எத்தனையோ முறை அப்படி நின்றவர்.

எழுத்து மறைந்தது. மறுபடி வந்தது. நீளமாக எழுதுகிறார் போல. மறைந்தது. மறுபடி வந்தது. என் காப்பி ஆறிப்போயிற்று. பிறகு மறைந்தது, வரவே இல்லை. செய்தியும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்றோ என்று அந்தக் கவலை வேறு சேர்ந்துகொண்டது. மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்கியது.

"யாரும் பேசவேல்ல. சரின்னு செவுத்துல மாட்னத்த படிச்சன். மொதல்ல பாலத்தாண்ட போய் கோட்ட பாருன்னு போட்டு இருந்திச்சி. குடைய எத்துகினு ஓட்னன். மஞ்சக் கோட்டத் தாண்டிச்சி தண்ணி. ஓடியாந்து அம்மாவ மாடிக்குத் தூக்கிட்டோம், மெசினையும் தூக்கிட்டோம். அப்பாலதான் சிம்ம எடுத்து தொடச்சி, ஜன்னல்கிட்ட வச்சி போட்டன். இப்ப சிமிட்டல. நின்னு எரியிது, செவப்பு. பக்கத்து வூட்டுக்காரங்களும் மேலதான் கீறாங்கோ. டீ போட்டுகினு கீறோம்."

பின்னால் அந்த அம்மாவின் குரல்: "சக்கர கம்மியா போடு."

மதியத்துக்குள் கடையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. மனிதர்களைத் தொடவில்லை.

சாயங்காலம் அக்காவின் கணவர் கூப்பிட்டார். பெண் குழந்தை, இருவரும் நலம். அதிகம் பேசாதவர் அன்றைக்குப் பேசினார்.

"காலைல உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த அண்ணனோட வாய்ஸ் வந்துச்சு. டைப் பண்றா, அழிக்கிறா, டைப் பண்றா, அழிக்கிறா. வலி வேற. நர்ஸ் திட்டறாங்க. திடீர்னு என்னைப் பார்த்து, 'கமர்கட்டு இருக்கா?'ன்னு கேட்டா. இந்த மழைல நான் எங்க போவேன்? அதுவுமில்லாம வாயில எதுவும் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அப்புறம் போனை என் கையில குடுத்துட்டு, 'நானே திருப்பிக் கேட்டாலும் குடுக்காதீங்க'ன்னா."

"கேட்டாங்களா?"

"எத்தனை தடவை! குடுக்கலையே" என்றார். அவர் குரலில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் குழுவில் அண்ணன் கேட்டிருந்தார்: "யக்கா, இன்னா கொயந்த? யாருமே சொல்லலியே."

அக்கா கால் மணி நேரம் பேசியிருக்க வேண்டிய கேள்வி. ஒரே வரியில் பதில் வந்தது. "வழிகாட்டில போட்டிருக்கேன் அண்ணா, படிங்க."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் வழிகாட்டிக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ஒரு திருத்தம் காத்திருந்தது. நான் நீக்கிய வரி இருந்த அதே இடத்தில், பக்கத்தின் அடியில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அக்கா சேர்த்திருந்தார். தமிழ்ப் பக்கத்திலும் ஆங்கிலப் பக்கத்திலும் தமிழிலேயே.

'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். வேறு சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கவும்.'

வேலைக்கு உதவாத வரி வழிகாட்டியில் இருக்கக் கூடாது என்று நானே விதி எழுதியிருந்தேன். ஏற்றுக்கொண்டேன்.

பிறகு அவர் கணவருக்கு மாற்றலாகி, அவர்கள் புனே பக்கம் போய்விட்டார்கள். அந்த மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். சங்க அறையில் ஜாடி இன்னும் இருக்கிறது. ஆனால் நான் அக்காவை நினைக்கும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவது அந்த வரியைச் சேர்த்த வாரம்தான். பிரம்மபுத்திராக் கரை மனிதரிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்தது. 'ஆங்கிலப் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதுவும் ஒரு படியா? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?'

நான் பதில் எழுத விரலை வைப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். குரல்பதிவு. குக்கர் இருந்த இடத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அரைகுறை ஆங்கிலத்தில், நடுநடுவே தமிழில், முதலில் அந்த வரிக்கு அர்த்தம் சொன்னார். பிறகு குழந்தையின் எடை. பிறகு அவர்கள் ஊரில் மழை எப்படி என்ற விசாரிப்பு. கடைசியில் குரலைத் தாழ்த்தி, அவர் கேட்காததையும் சொல்லிவிட்டார், சிம்மை எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று.